துப்பாக்கிக்கு வெந்நீர்

எங்கள் வீட்டில் ஒரு துப்பாக்கி இருக்கிறது. உடனே என்னை ஏதோ ஜமீன் வாரிசு என்று நினைத்துவிடாதீர்கள். நான் சேலத்தில் ஒரு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, மேனேஜர் ஆகாமலேயே வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டவன். தீபாவளிக்கு லட்சுமி வெடி வைக்கும்போது கையை மட்டும் வெடியின் பக்கம் நீட்டி, உடம்பை அடுத்த தெருவில் வைத்திருப்பவன். அப்படிப்பட்டவன் தலையில்தான் 2023-ல் அந்தத் துப்பாக்கி வந்து விழுந்தது.

தாத்தா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. 1948-ல் தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறிய வெள்ளைக்கார துரை, போகிற போக்கில் ஒரு மேஜை, ஒரு கிராமபோன், ஒரு ஒற்றைக்குழல் துப்பாக்கி மூன்றையும் தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். மேஜை கரையானுக்கும், கிராமபோன் என் சித்தப்பாவின் விஞ்ஞான ஆர்வத்துக்கும் இரையாயின. துப்பாக்கி மட்டும் தங்கிற்று.

அதைப் பற்றி எங்கள் குடும்பத்தில் மூன்று நம்பிக்கைகள் உண்டு. ஒன்று, அது லண்டனில் செய்தது. இரண்டு, அதன் குழல் அசல் டமாஸ்கஸ் எஃகு. மூன்று, தாத்தா அதனால் ஒரு சிறுத்தையைச் சுட்டுக் கொன்றார். இவற்றில் எதைச் சந்தேகப்பட்டாலும் குலதெய்வத்தைச் சந்தேகப்பட்ட மாதிரி.

தாத்தாவைத் தவிர வேறு யாரும் அதைச் சுட்டதில்லை. சுட்டுவிட்டு வந்தால் பாட்டியிடம் முதலில் கேட்பது காப்பி அல்ல, வெந்நீர். குழலைக் கழற்றி, துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, கொதிக்கக் கொதிக்க அதற்குள் ஊற்றுவாராம். பிள்ளைகள் எட்டிப் பார்த்து, "துப்பாக்கி குளிக்குது, துப்பாக்கி குளிக்குது" என்று கத்தினால், "கிட்ட வராதே, தள்ளி நில்லு" என்று ஓர் அதட்டல். அவ்வளவுதான்.

1979-ல் தாத்தா காலமானதும் லைசென்ஸ் அப்பா பெயருக்கு வந்தது. அப்பா அதை ஒருமுறைகூடத் தோளில் வைத்ததில்லை. தேர்தல் அறிவித்தால் எடுத்துக்கொண்டு போய் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைப்பார், ரசீது வாங்குவார். ரிசல்ட் வந்து நாளானதும் திரும்பக் கொண்டு வருவார். பார்லிமென்ட், சட்டசபை, உள்ளாட்சி என்று எல்லாவற்றுக்கும் இதே கதை. எங்கள் துப்பாக்கி சுட்டதைவிடச் சரணடைந்ததுதான் அதிகம்.

அப்பாவுக்கு 75 ஆனபோது, "இனிமே ஸ்டேஷன் படி ஏற முடியாதுடா, உன் பேருக்கு மாத்திக்க" என்றார். 2016-ல் வந்த ஆயுத விதிகளின்படி, லைசென்ஸ்தாரருக்கு 70 வயது தாண்டினாலோ, அவர் 25 வருஷம் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, வாரிசுக்கு மாற்றக் கேட்டு விண்ணப்பம் போடலாம். போட்டேன். மெடிக்கல் சர்ட்டிஃபிகேட் வாங்கினேன். துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளப் பயிற்சி எடுத்ததற்குச் சான்று வேண்டும் என்றார்கள், போய்ப் படித்தேன். விசாரணைக்கு வந்த அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்து, "எதுக்கு ஸார் உங்களுக்குத் துப்பாக்கி?" என்றார்.

"எனக்கு வேண்டாம் ஸார். வந்துடுச்சு" என்றேன்.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம் உதைத்தது. தயாரிப்பு என்ன, போர் என்ன? பழைய லைசென்ஸில் மசி மங்கி, "ஒற்றைக்குழல், ஆங்கிலேயத் தயாரிப்பு" என்பது மட்டும்தான் படிக்க முடிந்தது. லைசென்ஸ் உள்ள துப்பாக்கி ரிப்பேர்க்காரரிடம் காட்டி எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அப்படித்தான் ஒரு வியாழக்கிழமை, துப்பாக்கியை உறையில் போட்டு, லைசென்ஸைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, அப்பாவும் நானும் வாடகைக் காரில் நாலு மணி நேரம் பயணம் கிளம்பினோம்.

வழியில்தான் அப்பா அந்த அறையைப் பற்றிப் பேசினார்.

அறை என்றால் வீட்டு அறை இல்லை, கன்னத்தில் விழுந்த அறை. வீட்டில் எல்லோருக்கும் அது அரைகுறையாகத் தெரியும். யாரும் பேசியதில்லை. 1968. அப்பாவுக்கு இருபது வயசு, காலேஜ். தாத்தா சுடுவதை நிறுத்திச் சில வருஷம் ஆகியிருந்தது. தோட்டா தீர்ந்துபோனதுதான் காரணம் என்று அப்பாவின் கணக்கு. கூடப் படித்தவனின் மாமா ஒருவர் கப்பலில் வேலை பார்த்தவர். அவர் மூலமாக எப்படியோ ஒரு பெட்டித் தோட்டா கிடைத்தது. சிவப்புப் பிளாஸ்டிக் உடம்பு, தங்க நிறத்தில் அடிப்பாகம். பிள்ளை பெருமையாகக் கொண்டுவந்து தகப்பனார் முன்னால் நீட்டியிருக்கிறார். தாத்தா ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குழலில் போட்டுப் பார்த்தார். அளவெடுத்துத் தைத்த மாதிரி உள்ளே போய் உட்கார்ந்தது. வெளியே எடுத்தார். எழுந்து வந்து பளாரென்று ஒன்று விட்டார். "ஆகாது!" என்றார். ஒரே ஒரு வார்த்தை. பெட்டியோடு கிணற்றில் வீசிவிட்டார்.

"நான் ஆக மாட்டேன்னுட்டார்டா" என்றார் அப்பா, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. "சுடறதுக்கு எனக்குத் தகுதியில்லையாம். இருபது வயசுப் பையன, வேலக்காரங்க எதிர்ல."

அதற்கப்புறம் பதினோரு வருஷம் தாத்தா உயிரோடு இருந்தார். "சாப்பிட்டாச்சா", "மழை வரும் போலிருக்கு" என்பதைத் தாண்டி இருவரும் பேசிக்கொண்டதில்லை என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ரிப்பேர்க்காரருக்கு எழுபது வயசிருக்கும். அத்தா காலத்திலிருந்து அதே பட்டறை. எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். துப்பாக்கியை வாங்கியதும் அவர் செய்த முதல் காரியம், குழலை மடக்கித் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணாலும் பார்த்து, சுண்டு விரலை விட்டும் பார்த்தது. "அம்பது வருஷமா சும்மா இருக்கு பாய், காலிதான்" என்றேன்.

"காலின்னு சொன்ன துப்பாக்கிதான் தம்பி எல்லாரையும் சுட்டிருக்கு" என்றார்.

அடுத்து, தயாரிப்பு. நான் குழலின் மேல் இருந்த எழுத்தைப் பெருமையாகக் காட்டினேன். 'லண்டன் ஃபைன் ட்விஸ்ட்' என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கும். நாங்கள் சின்ன வயசிலிருந்து தடவித் தடவிப் பார்த்த எழுத்து.

பாய் சிரிக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "மைசூர் போண்டா மைசூர்ல இருந்தா தம்பி வருது?" என்று மட்டும் கேட்டார். லண்டன் ட்விஸ்ட் என்பது குழல் முறுக்கும் தினுசுக்குப் பெயராம். ஊர்ப் பெயர் இல்லையாம். குழலைக் கட்டையிலிருந்து கழற்றித் திருப்பி, அடிப்பக்கத்தில் பிரஷ்ஷால் எண்ணெய் தடவித் துடைத்து, பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். "ஜாதகம் இங்கதான் இருக்கும். மேல இருக்கறது கல்யாணப் பத்திரிகை."

நெல்மணி அளவில் ஒரு நீள்வட்டம். உள்ளே ஈ, எல், ஜி என்று மூன்று ஆங்கில எழுத்து. கீழே ஒரு நட்சத்திரம். தலைக்கு மேல் ஒரு குட்டிக் கிரீடம்.

"பெல்ஜியம்" என்றார் பாய். "லியேஜ்."

முதல் நம்பிக்கை காலி.

வீட்டுக்கு வந்து நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். லியேஜ் நகரம் பல நூறு வருஷமாகத் துப்பாக்கிக்குப் பேர்போனது. நம் சேலத்துக் கொலுசு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரு வீட்டில் கம்பி இழுப்பார்கள், அடுத்த வீட்டில் அரும்பு ஊதுவார்கள், மூன்றாவது வீட்டில் பற்றவைப்பார்கள் இல்லையா? அங்கேயும் ஒருத்தர் குழல், ஒருத்தர் பூட்டு, ஒருத்தர் கட்டை என்று வீட்டுக்கு வீடு வேலை நடக்கும். முதலாளி எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டி, எந்த நாட்டுக் கடைக்காரர் எந்தப் பெயர் கேட்டாலும் அந்தப் பெயரை வெட்டி அனுப்புவார். மலிவு. உலகம் முழுக்கப் போயிற்று. அதனால் மேலே இருக்கிற பெயரை நம்பக்கூடாது. சோதனை முத்திரையை நம்பலாம். 1672-லேயே அங்கே குழல்களைச் சோதித்துப் பார்க்கச் சட்டம் வந்துவிட்டது. வழக்கத்தைவிட அதிகமாக மருந்து கெட்டித்து வெடித்துப் பார்ப்பார்கள். தாங்கினால் முத்திரை. லியேஜ் பிரான்சின் பிடியில் இருந்தபோது, 1810-ல் நெப்போலியன் உத்தரவில் வந்தது அந்த மூன்று எழுத்து. 1893-ல் அதன் தலையில் கிரீடம் ஏறியது. 1922-லிருந்து வருஷத்துக்கு ஓர் எழுத்து வீதம் சேர்த்துக் குத்த ஆரம்பித்தார்கள். எங்கள் துப்பாக்கியில் கிரீடம் உண்டு, வருஷ எழுத்து கிடையாது. ஆகவே 1893-க்கும் 1922-க்கும் நடுவில் பிறந்தது. துரையே அதைப் பழைய சரக்காகத்தான் வாங்கியிருப்பார் போலிருக்கிறது.

பாய் அடுத்த குறியைக் காட்டினார். டைமண்டு வடிவம், உள்ளே 28.

"இருபத்தெட்டு போர்."

நான் உள்ளுக்குள் பூரித்துப்போனேன். எதிர் வீட்டு ரிடையர்டு ராணுவக்காரரிடம் இருப்பது வெறும் 12 போர்தான். வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன். பாய் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு விளக்கினார். ஒரு ராத்தல் ஈயத்தை எடுத்து, சரிசமமாகப் பன்னிரண்டு உருண்டை பிடித்தால் ஒரு உருண்டையின் குறுக்களவு என்னவோ, அது 12 போர். அதே ஈயத்தை இருபத்தெட்டு உருண்டை ஆக்கினால் 28 போர். எண் கூடக்கூடக் குழல் ஒல்லி. சேலத்துக்காரனுக்கு இதில் குழப்பமே வந்திருக்கக்கூடாது. நூல் கவுண்ட்டும் அப்படித்தானே, 40-ஐவிட 80 மெல்லிசு! எங்களுடையது 14 மில்லிமீட்டரைத் தொடவில்லை. 12 போர் பதினெட்டரை.

"இதால சிறுத்தைய சுட முடியுமா பாய்?"

"சுடலாம். அதுக்குக் கோவம் வரும். இது காடை, கவுதாரி சுடறது தம்பி."

அப்பா கூரையைப் பார்த்தார்.

இனி மிச்சமிருந்தது டமாஸ்கஸ். இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் சேர்த்து முறுக்கி, ஒரு கம்பியின் மேல் பாம்பு மாதிரி சுற்றிக் காய்ச்சி அடித்துக் குழலாக்குவது அது. சுற்றின அடையாளம் வரிவரியாகத் தெரியும். லியேஜுக்குப் பக்கத்தில் வெஸ்த்ர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இதற்கென்றே ஊர்கள் இருந்தன. எங்கள் குழலில் அந்த வரி அத்தனை அழகாக இருக்கும். பாய், முன்கை வைக்கிற சின்னக் கட்டையைக் கழற்றினார். கட்டைக்கு அடியில், யார் கண்ணிலும் படாத இடத்தில், வரியைக் காணோம். மொழுமொழுவென்று சாதா எஃகு.

"அச்சடிச்ச டிசைன்" என்றார். "அந்தக் காலத்துலயே உண்டு. அசலா இருந்தா அடி வரைக்கும் ஓடும்."

ஆக, லண்டன் இல்லை, டமாஸ்கஸ் இல்லை, சிறுத்தையும் இருக்க முடியாது. அரை மணி நேரத்தில் எங்கள் குடும்பத்தின் கௌரவம் ஒரு மரப்பெஞ்சில் பாகம் பாகமாகக் கிடந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு பாய், "அட, சந்தோஷப்படுங்க" என்றார். அசல் டமாஸ்கஸில் பட்டையும் பட்டையும் சேருகிற இடத்தில் உள்ளுக்குள்ளேயே துரு ஓடியிருக்கும். வெளியே பளபளவென்று இருக்கும். என்றைக்கு விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. போலியாக இருந்ததால்தான் இதை மேற்கொண்டு பார்க்கவாவது முடிகிறதாம்.

மேற்கொண்டு பார்த்தார். குழலை வெளிச்சத்தில் நீட்டி உள்ளே பார்த்தார், சொரசொரப்பே இல்லை என்று ஆச்சரியப்பட்டார். குழலின் தடிமனை இடம் இடமாக அளந்து நோட்டில் எழுதினார். மூடி ஆட்டிப் பார்த்தார், ஆட்டம் கொஞ்சம்தான். குதிரையைப் பாதி இழுத்து நிறுத்தி, விசையை அழுத்திப் பார்த்தார், நழுவவில்லை. ஆனால் ஒன்று சொன்னார். இந்தப் பழைய ரகத்தில் குதிரை இறங்கினால் ஊசியின் மேலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். தோட்டாவோடு கை தவறிக் கீழே விழுந்தால், விசையை யாரும் தொடவே வேண்டாம். அதனால் சுடுகிற இடத்தில் போய் நின்ற பிறகுதான் தோட்டா போட வேண்டும். போட்டுக்கொண்டு நடக்கவே கூடாது.

பிறகு முத்திரைகளை இன்னொரு தரம் பார்த்தார். "சிங்கம் இல்ல" என்றார்.

புகையில்லாத நவீன மருந்துக்குச் சோதித்த பெல்ஜியத் துப்பாக்கியில் ஒரு சிங்கமும், அதன் கீழே பி.வி. என்ற எழுத்தும் குத்தியிருக்குமாம். இதில் அது கிடையாது. அப்படியானால் இது கருமருந்துக்கு மட்டும் சோதித்தது. வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்த பழைய மருந்து. அது குழலைக் கொஞ்சம் நிதானமாகத் தள்ளும். புதுசு அப்படியில்லை.

பாய் திடீரென்று அப்பா பக்கம் திரும்பினார். "ஐயா, ஒண்ணு கேக்கறேன். உங்க அப்பா சுட்டு முடிச்சதும் வெந்நீர் கேப்பாரா?"

எனக்குச் சிலிர்த்துவிட்டது. அப்பா மெதுவாகத் தலையாட்டினார்.

"அதான். கருமருந்து எரிஞ்சா உப்பு படியும். எண்ணெயால போகாது, தண்ணிதான் கரைக்கும். அன்னிக்கே ஊத்தலைன்னா மறுநாள் துரு. உள்ளாற இவ்வளவு சுத்தமா இருக்கேன்னு அப்பவே நெனச்சேன். கருமருந்துதான் போட்டிருக்கார், தெரிஞ்சுதான் போட்டிருக்கார். பித்தளைக் கேஸ் வெச்சிருப்பாரே? இவ்வளவு நீளத்துக்கு, குப்பி மாதிரி, அடியில நடுவுல ஒரு ஓட்டை?"

நானும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் வீட்டுப் பூஜை அறையில் பித்தளையில் மூன்று ஊதுபத்தி ஸ்டாண்டு இருக்கிறது. அடியில் ஓட்டை இருந்து சாம்பல் கொட்டுகிறதே என்று அம்மா நாற்பது வருஷமாகக் குறைப்பட்டுக்கொண்டிருக்கிறாள்.

அப்போதுதான் அப்பா ஒரு காரியம் செய்தார். வேட்டி மடிப்பிலிருந்து ஒரு சின்னத் துணி முடிச்சை எடுத்து பெஞ்சில் வைத்துப் பிரித்தார். உள்ளே சிவப்புப் பிளாஸ்டிக் தோட்டா ஒன்று. கிணற்றுக்குப் போகாமல் அன்றைக்குச் சட்டைப் பையில் தங்கிவிட்டதாம். 55 வருஷம்! அம்மாவுக்கே தெரியாது.

"இது இந்தத் துப்பாக்கிக்கு ஆகுமான்னு பாருங்க பாய். உள்ள போகும். நான் போட்டுப் பாத்திருக்கேன். அளவெடுத்த மாதிரி உக்காரும்."

பாய் தோட்டாவைப் பூ மாதிரி எடுத்து அடியைப் பார்த்தார். பிறகு ஓர் அளவுக் குச்சியைக் குழலின் பின்பக்கம் விட்டார். "தோட்டா உக்கார்ற எடம் 65 மில்லிமீட்டர். உங்க தோட்டா 70."

"ஆனா உள்ள போகுதே?"

"போகும். அதான் ஐயா வில்லங்கமே. வாய மடிச்சு வெச்சிருக்கான் பாருங்க, பூ மாதிரி. இப்ப நீளம் கம்மி. வெடிச்சா இந்த மடிப்பு விரியும். விரிஞ்சாத்தான் 70. விரியறதுக்கு அங்க எடமில்ல. குழல் ஒடுங்கற எடத்துல போய்ப் பிதுங்கி அடைச்சுக்கும். ரவை அந்தச் சந்து வழியா வெளிய போகணும். அதுவும் புகையில்லா மருந்து, இதுவோ சிங்கமில்லாத குழல். தோள்ல வெச்சுச் சுட்டிருந்தா..." அவர் முடிக்கவில்லை. வலது கையை மெதுவாக எடுத்துத் தன் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். சுடும்போது குழலின் அந்த இடம் அங்கேதான் இருக்கும்.

அப்பாவின் கையும் தானாகக் கன்னத்துக்குப் போயிற்று. அதே கன்னம்தானா என்று நான் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் பட்டறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஆகாதுன்னுதான் சொன்னார்" என்றார் அப்பா. "எது ஆகாதுன்னு சொல்லல."

பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கேட்காமல், தோட்டாவை மட்டும் தனியே ஒரு டப்பாவில் போட்டு, முறைப்படி அழிக்க ஒப்படைத்துவிடுவதாகச் சொன்னார். நான் முழுமனதோடு சம்மதித்தேன். திரும்பும்போது போலீஸ் செக்போஸ்ட்டில் அதை எப்படி விளக்குவது என்று எனக்கு ஏற்கெனவே வேர்த்துக்கொண்டிருந்தது.

காரில் வரும்போது அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. தொப்பூர் தாண்டியதும், "சிறுத்தைய அவர் சுடலடா" என்றார். "தகர டப்பா தட்டித்தான் தொரத்தினார். நாந்தான் ஸ்கூல்ல, எங்கப்பா சுட்டுட்டார்னு சொல்லி வெச்சேன். ஊர் பூரா பரவிடுச்சு. அவரும் மறுக்கல."

மூன்று வாரம் கழித்து ஊதுபத்தி ஸ்டாண்டுகளோடு மறுபடி போனோம். பூஜைப் பொருளை எடுத்துக்கொண்டு போனதற்கு அம்மா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றில் ஒன்றின் வாயில் மயிரிழை விரிசல், அது தள்ளுபடி. மற்ற இரண்டும் தேறின. பாயின் லைசென்ஸில் ரிப்பேரோடு சோதனைக்கும் அனுமதி உண்டு. பட்டறைக்குப் பின்னால் மண் குவித்து ஒரு கிடங்கு வைத்திருந்தார்.

முதலில் கேப்பு மட்டும் வைத்து ஒரு தட்டு. 'டப்'. ஊசி நடுவில் விழுந்திருக்கிறது. பிறகு கருமருந்து, பாதி அளவு. அளவை எழுத மாட்டேன், வாசகர்களில் யாராவது வீட்டில் செய்து பார்த்துவிடுவீர்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். கருமருந்து அளக்கிற அதே கரண்டியில் நவீன மருந்தை அளந்து போட்டவன் அதற்கப்புறம் எதையும் அளந்ததில்லை என்றார் பாய். துப்பாக்கியை ஒரு பழைய லாரி டயரில் வைத்துக் கட்டி, விசையில் கயிறு மாட்டி, நாங்கள் எல்லோரும் சுவருக்குப் பின்னால். நான் சுவருக்குப் பின்னாலும், சுவருக்குப் பின்னால் நின்ற தூணுக்குப் பின்னாலும். பாய் கயிற்றை இழுத்தார்.

'தொம்'. படார் என்று இல்லை, கனமாகத் தொம் என்று. டயரைச் சுற்றி வெள்ளைப் புகை மண்டியது. பாய் புகை அடங்கக் காத்திருந்து, பித்தளைக் குப்பியை உருவி, வீங்கியிருக்கிறதா, கேப்பு பிதுங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். குழலின் தடிமனை மறுபடி அளந்தார். முழு அளவு போட்டு இன்னொன்று. மறுபடி அளந்தார். நோட்டில் முன்னால் எழுதியதோடு ஒத்துப் பார்த்தார்.

"நிக்குது" என்றார். "ஆனா தெனம் சுடற துப்பாக்கி இல்ல இது. இந்த மருந்து, இந்தக் கேஸ், அவ்வளவுதான். கடைத் தோட்டா எவன் குடுத்தாலும் தொடக்கூடாது. யாரு ஐயா சுடப் போறீங்க?"

சட்டப்படி விண்ணப்பதாரன் நான். ஆனால் லைசென்ஸ் இன்னும் அப்பா பெயரில்தான் இருந்தது. சட்டத்தை மதிக்கிறவன் என்ற முறையில் நான் இரண்டடி பின்வாங்கினேன்.

அப்பா கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான் எல்லாம் மாட்டிக்கொண்டு மண்மேட்டைப் பார்த்து நின்றார். 75 வயசுத் தோளில் அந்த ஒல்லித் துப்பாக்கி பொருந்தித்தான் இருந்தது. ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். கை நடுங்குகிறதோ என்று நான் ஓர் அடி எடுத்து வைப்பதற்குள், தொம்.

புகை அவரை முழுசாக மூடிவிட்டது. வேட்டி நுனி மட்டும் தெரிந்தது. "அப்பா!" என்று கத்தினேன். காதில் அடைப்பான், கேட்கவில்லை. புகை விலகியபோது துப்பாக்கியை மடக்கித் திறந்து, தரையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு, பயிற்சியில் எனக்குச் சொல்லிக் கொடுத்தபடியே நின்றிருந்தார். மூக்கை உறிஞ்சினார். தீபாவளி மறுநாள் தெருவில் அடிக்குமே, அந்தக் கந்தக நெடி.

"அப்பா சட்டையில இந்த வாசனை அடிக்கும்" என்றார். "காப்பி வாசனைன்னே நெனச்சுட்டிருந்தேன்."

பாய், கேட்டிருந்த சான்றை எழுத உள்ளே போனார். ஒற்றைக்குழல், 28 போர், பெல்ஜியம். இப்போது என் லைசென்ஸிலும் அப்படித்தான் இருக்கிறது. அவர் எழுதி முடித்து சீல் தேடிக்கொண்டிருந்தபோது, வாசற்பக்கமிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"பாய், கொஞ்சம் வெந்நீர் கெடைக்குமா? நல்லாக் கொதிக்கணும்."

நான் வெளியே வந்து பார்த்தபோது அவர் குழலைக் கழற்றி, தோள் துண்டால் சுற்றிப் பிடித்து, சாக்கடை ஓரம் குந்தியிருந்தார். சொம்பிலிருந்து ஊற்ற ஊற்ற முதலில் கறுப்பாக வந்தது, அப்புறம் சாம்பல் நிறம். பாயின் பேரன், ஐந்து வயசிருக்கும், ஓடிவந்து எட்டிப் பார்த்தான்.

"தாத்தா, துப்பாக்கியக் குளிப்பாட்டறீங்களா?"

"கிட்ட வராதே, தள்ளி நில்லு" என்றார் அப்பா. ஊற்றுவதை நிறுத்தி அவனை நிமிர்ந்து பார்த்தார். "சுடும்டா கண்ணு. தண்ணி சுடும். அதுக்குத்தான் சொல்றேன்."

பிறகு என் பக்கம் சொம்பை நீட்டினார். "இன்னொரு சொம்பு கொண்டா."